தண்ணீருக்கு விலை உண்டா?





2025 மார்ச் மாதம் நம் சபையிலிருந்து ஒன்பது பேர் நேபாள தேசத்தின் மலைக்கிராமம் ஒன்றுக்குப் போய்த் திரும்பினோம். அதைப் பற்றி உபவாசக் கூட்டத்தில் அறிக்கை கொடுத்தபோது அநேகர் கண்ணீரோடு கர்த்தரைத் துதித்தீர்கள். ஆனாலும் கூட்டம் முடிந்தபின் மூப்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "பாஸ்டர், ஒன்பது பேர், பதினாலு நாள், சபைப் பணம். கடைசியிலே எத்தனை ஆத்துமா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. ஆத்தும பாரம் உள்ளவர் அவர். நாற்பது வருஷமாகத் தெருப்பிரசங்கத்தில் நின்று கல்லடி பட்டவர். ஆகையால் அந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உங்களில் பலருடைய உள்ளத்திலும் இதே கேள்வி இருக்கும் என்று அறிந்தபடியால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் போன இடம் காட்மாண்டுவுக்குக் கிழக்கே உள்ள காவ்ரே மாவட்டம். 2024 செப்டம்பர் கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் நேபாளம் முழுவதும் 240-க்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். அதிலே காவ்ரேயில்தான் சேதம் மிகுதி. ரோசி ஆறு பெருகி, ஜப்பான் தேசத்தின் உதவியால் கட்டப்பட்ட பி.பி. நெடுஞ்சாலையையே பல இடங்களில் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. சாலைக்கே அந்தக் கதி என்றால் மலைச்சரிவில் கிடந்த தண்ணீர்க் குழாய் என்னவாகும்? ஊற்றிலிருந்து ஊருக்கு வந்த குழாயில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் மண்சரிவோடு போய்விட்டது. தமாங் ஜனங்கள் வாழும் ஊர் அது. 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை பூமியதிர்ச்சியில் கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டின வீடுகளெல்லாம் விழுந்து, அரசாங்கம் தவணை தவணையாகக் கொடுத்த மூன்று லட்சம் நேபாள ரூபாயில் மறுபடியும் வீடு கட்டி எழும்பின ஊர். (நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. ஆகவே சபை ஆராதனையும் அன்றைக்குத்தான். அந்த அதிர்ச்சி வந்தது பகல் 11.56-க்கு. எத்தனையோ சபைகள் ஆராதனையில் இருந்த நேரம்.)

சென்னையில் இரயில் ஏறி இரண்டு இரவு கழித்து கோரக்பூர். அங்கிருந்து சுனௌலி எல்லை. இந்தியருக்கு விசா கிடையாது, வாக்காளர் அட்டை இருந்தாலே போதும். அப்புறம் காட்மாண்டுவுக்கு ஒரு நாள் பஸ், ஜீப், கடைசியில் இரண்டு மணி நேரம் நடை. நம் வாலிபப் பிள்ளைகள் மூச்சு வாங்கி உட்கார்ந்த இடத்திலே, எழுபது வயதுத் தாய்மார் முதுகில் 'டோக்கோ' என்கிற மூங்கில் கூடையில் தண்ணீர் கேனை வைத்து, பட்டையை நெற்றியில் மாட்டி ஏறிப்போகிறார்கள். ஊரில் வாலிபர்கள் இல்லை. கத்தார், மலேசியா என்று பிழைக்கப் போய்விட்டார்கள். சிலர் நம்ம ஊர் ஓட்டல்களிலே இருக்கிறார்கள். அப்படிக் கோயம்புத்தூரில் ஆறு வருஷம் பரோட்டா போட்டுவிட்டுத் திரும்பிய ஒருவர், மலையுச்சியில் நின்று "வாங்கண்ணா, சாப்டீங்களா?" என்று கேட்டபோது நாங்கள் திகைத்துப்போனோம்! அவர் விசுவாசி அல்ல. ஆனால் பதினைந்து வார்த்தைக்கு மேல் நேபாளி தெரியாத எங்களுக்குக் கர்த்தர் அனுப்பிய மொழிபெயர்ப்பாளர் அவர்தான்.

புறப்படுவதற்கு முன்பே அங்குள்ள சபையின் போதகர் தொலைபேசியில் இந்தியில் மூன்று காரியம் சொல்லியிருந்தார். பழைய துணி கொண்டுவர வேண்டாம். கைப்பிரதி கொண்டுவர வேண்டாம். குழாய் வேலை தெரிந்த ஒருவரையும் ஒரு நர்ஸையும் அழைத்துவாருங்கள். முதலாவது எனக்கு உடனே விளங்கிற்று. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணிகள் குவியல் குவியலாக மண்ணில் கிடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. கொடுத்தவர்களுக்குத் திருப்தி, வாங்கினவர்களுக்கு அவமானம், பஞ்சாயத்துக்குக் குப்பை. இரண்டாவதுதான் எங்கள் குழுவிலே சிலருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. கைப்பிரதி இல்லாமல் ஒரு ஊழியமா?

நேபாளத்தின் 2015 அரசியல் சாசனம் 26-ஆம் பிரிவில் மதமாற்றத்தைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 158-ஆம் பிரிவின்படி, ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து வருஷம் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டார் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளில் தேசத்தைவிட்டு அனுப்பிவிடுவார்கள். இது வெறும் காகிதச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2021-ல் டோல்பா மாவட்ட நீதிமன்றம் ஒரு போதகருக்கு இரண்டு வருஷச் சிறையும் 20,000 ரூபாய் அபராதமும் விதித்தது. நாம் பதினாலு நாளில் இரயில் ஏறிவிடுவோம். நாம் விதைத்த கைப்பிரதிக்காக விசாரணைக்குப் போகிறவர் அங்கே குடியிருக்கிற போதகரும், அவரோடுள்ள முப்பது விசுவாசிகளும். சுவிசேஷத்திற்காகப் பாடுபட ஆயத்தமாயிருப்பது பரிசுத்தவான்களின் அடையாளம். இன்னொருவனைப் பாடுபட வைத்துவிட்டு நாம் சாட்சி சொல்வது என்ன அடையாளம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பிரியமானவர்களே, சட்டத்தை மாத்திரம் காட்டி நான் மூப்பருக்குப் பதில் சொல்லிவிட முடியாது. மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர்கள் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று சொன்னார்களே (அப். 5:29). அந்தச் சட்டமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். தாராளமாகப் பிரசங்கிக்கலாம். அப்போது ஒரு கையில் குழாயும் மறுகையில் தீர்மான அட்டையும் கொண்டுபோவது சரியா? என் கேள்வி இதுதான்.

அதற்கு நாலாம் நாள் ஒரு காரியம் நடந்தது. பைப் வேலை நம்ம ஊர் மாதிரி பசை போட்டு ஒட்டுவதல்ல. கறுப்புக் குழாயின் இரண்டு முனையையும் சூடான தட்டில் உருக்கி, அப்படியே அழுத்திச் சேர்க்க வேண்டும். நம் பிளம்பர் சகோதரன் அதை அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அரை நாளில் கற்றுக்கொண்டார். (கற்றுக்கொடுக்கப் போனவர் கற்றுக்கொண்டார் என்று எங்களுக்குள் சிரிப்பு.) நாலாம் நாள் மத்தியானம் தண்ணீர் வந்தது. அல்லேலூயா! சிறுபிள்ளைகள் குதித்தார்கள், எல்லா வீட்டிலிருந்தும் குடம் வந்தது. ஒரு வீட்டைத் தவிர. குழாய்க்கு மிக அருகில், இருபது அடி தூரத்தில் இருந்த வீடு அது. அந்த வயதான தாயார் அன்று மாலையும், மறுநாள் காலையும் மாலையும் கூடையைச் சுமந்துகொண்டு கீழே ஓடைக்கே போனார்கள்.

ஆறாம் நாள் காலையில் பரோட்டா சகோதரர் (அவரை நாங்கள் அப்படித்தான் அழைத்தோம், அவருக்கும் அது பிடித்தது) போய் விசாரித்தார். நேபாளியில் தாயை 'ஆமா' என்பார்கள். அவர் "ஆமா, ஆமா" என்று கூப்பிட்டதும், எதற்கு இத்தனை ஆமா போடுகிறார் என்று நம் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தத் தாயார் சொன்னதை அவர் தமிழில் சொன்னபோது சிரிப்பு நின்றுபோயிற்று.

"அண்ணா, அவங்க கேக்கறாங்க, இந்தத் தண்ணி எடுத்தா வீட்டு மேல இருக்கிற கொடியை எடுத்துரணுமா? பூகம்பம் வந்தப்ப ஒரு கூட்டம் தகரம் குடுத்துச்சாம். பேர் எழுதிட்டுப் போனாங்களாம். ரெண்டு மாசம் கழிச்சு வந்து, ஏன் சபைக்கு வரலைன்னு கேட்டாங்களாம். அதான் முதல்லயே கேட்டுக்கறாங்க. தண்ணிக்கு என்ன விலை?"

பிரியமானவர்களே, அந்தக் கூட்டம் யார் என்று நான் விசாரிக்கவில்லை. நம்மைப் போன்றவர்கள்தான். பாட்டுப் பாடி, உபவாசித்து, காணிக்கை சேர்த்துப் போனவர்கள்தான். ஆனால் பத்து வருஷம் கழித்து ஒரு கிழவி, இருபது அடியில் ஓடுகிற தண்ணீரை விட்டுவிட்டு மலையிறங்கிப் போகும்படி அவர்களுடைய தகரம் செய்துவிட்டது. தாகமாயிருக்கிறவர்கள் பணமுமின்றி விலையுமின்றி வரலாம் என்று தீர்க்கதரிசி கூப்பிட்ட கூப்பாட்டை (ஏசாயா 55:1) நாம் ஜனங்களின் காதில் எப்படி மாற்றி ஒலிக்கச் செய்துவிட்டோம் பாருங்கள்.

நமக்கு இது புதிதல்ல. 1876 முதல் 78 வரை இருந்த பெரும்பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். கால்டுவெல் ஐயர் பிஷப்பாக அபிஷேகம் பெற்றது அந்தப் பஞ்ச காலத்தில்தான், 1877-ல். அந்த ஜனங்களுக்கு 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று பேர் வைத்தார்கள். நம் முன்னோர் சிலரும் அந்தப் பேரைச் சுமந்தவர்களே. பசித்தவன் சாப்பிட்டதில் பாவமில்லை. அவர்களில் எத்தனையோ பேர் உண்மையாய் ஆண்டவரைக் கண்டுகொண்டார்கள், அவர்கள் சந்ததி இன்றும் சபையில் நிற்கிறது. ஆனால் உண்மையாய் விசுவாசித்தவனைக்கூட உலகம் நம்பாதபடிக்கு அந்த அரிசி ஒரு நிழலை விழப்பண்ணிற்று. கொடுக்கிறவன் நிபந்தனை போட்டால், வாங்குகிறவனுடைய சாட்சியைத்தான் திருடுகிறான்.

இதை நான் இப்படி யோசித்தேன். "வேண்டாம்" என்று சொல்ல முடியாத இடத்தில் ஒருவன் சொல்கிற "சரி"க்கு என்ன மதிப்பு? குழந்தை தாகத்தால் அழும்போது எந்தத் தாயும் எந்த அட்டையிலும் கையெழுத்துப் போடுவாள். இருதயத்திலே விசுவாசிக்க வேண்டும் என்றல்லவா பவுல் எழுதுகிறார் (ரோமர் 10:9,10). இருதயத்தைக் குழாயால் திறக்க முடியாது. சமாரியாவில் மாயவித்தைக்காரனாகிய சீமோன் தேவனுடைய வரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்தான், பேதுரு அவனைக் கடிந்துகொண்டார் (அப். 8). நாமோ தேவனுக்கென்று ஜனங்களைப் பணம் கொடுத்து வாங்கப் பார்க்கிறோம். திசைதான் வேறு, வியாபாரம் ஒன்றே.

ஆண்டவர் சீஷர்களை மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்குவேன் என்றபோது அவர்கள் கையில் இருந்தது வலை. வலையில் இரை வைப்பதில்லை. (பேதுரு ஒருதரம் தூண்டில் போட்டது உண்டு. அது வரிப்பணத்துக்கு. மத்தேயு 17:27.) பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினார், ஒன்பது பேர் திரும்பி வரவில்லை. எங்கே அவர்கள் என்று ஆண்டவர் கேட்டார், மனம் வருந்தினார். ஆனால் அவர்களுடைய குஷ்டரோகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்கள் வரமாட்டார்கள் என்று அறிந்தவர்தானே சுகமாக்கினார்.

இவ்வளவு சொன்னதற்காக, சேவை மாத்திரம் போதும், சுவிசேஷத்தை வாயால் சொல்லத் தேவையில்லை என்கிற கட்சியில் நான் சேர்ந்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அப்படிப் போதிக்கிற சபைகள் உண்டு. அவைகள் பள்ளிக்கூடம் நடத்துகின்றன, ஆஸ்பத்திரி நடத்துகின்றன, கடைசியில் யாருடைய நாமத்தினாலே என்பதை மறந்துபோகின்றன. கேள்விப்படாவிட்டால் எப்படி விசுவாசிப்பார்கள்? அன்று ராத்திரி நம் வாலிபச் சகோதரன் ஒருவன் என்னிடத்தில் வந்து அழுதான். "பாஸ்டர், அந்த அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல. நாம திரும்பி எப்ப வருவோம்? கதவு திறந்துச்சே, நீங்க ஏன் உள்ளே போகல?" என்றான். நரகம் உண்டு என்று நம்புகிறவன் கேட்கிற கேள்வி அது. அதை மூடத்தனம் என்று சொல்லுகிறவன் போதகனாயிருக்கக் கூடாது. எனக்கும் அன்று தூக்கம் வரவில்லை.

அந்தத் தாயார் கேட்டதற்கு நடந்தது இதுதான். அவ்வூர்ப் போதகர் சொன்னார்: "ஆமா, இது மலையோட தண்ணி. கர்த்தர் வெச்சது. நாங்க பைப்தான் போட்டோம். கொடி இருக்கட்டும், பேரும் எழுத மாட்டோம்." தாயார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எங்களைக் காட்டி, "அப்புறம் இவங்க ஏன் இவ்வளவு தூரம் வந்தாங்க?" என்று கேட்டார்கள். பேதுரு சொல்லுகிறபடி, நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடே உத்தரவு சொல்ல வேண்டுமல்லவா (1 பேதுரு 3:15)? நான் இரண்டே வாக்கியம் சொன்னேன். எங்கள் ஊரில் கடல் பொங்கி வந்தபோது முகம் தெரியாத ஜனங்கள் வந்து எங்களைத் தூக்கிவிட்டார்கள். நாங்கள் ஆராதிக்கிற இயேசு எங்களுக்காகத் தம்முடைய ஜீவனையே கொடுத்தார், அதற்கு விலை கேட்கவில்லை. அவ்வளவுதான். தாயார் உள்ளே போய்க் குடத்தை எடுத்துவந்தார்கள்.

வாலிபச் சகோதரனுக்கு நான் சொன்ன பதில்: விலை இல்லை என்று அவர்கள் நம்பி ஒரு நிமிஷம் ஆகவில்லை. அந்தக் குடம் நிரம்பும் முன்னே நான் இன்னும் பத்து நிமிஷம் பேசியிருந்தால், 'ஓ, இதுதான் விலை' என்று கண்டுபிடித்திருப்பார்கள். மேலும் தேவனுடைய இராஜ்யம் நம்முடைய இரயில் டிக்கெட்டின் தேதியோடு முடிந்துபோகிறதல்ல. முப்பது விசுவாசிகள் அங்கே தினமும் அதே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஒருவன் நடுகிறான், ஒருவன் நீர்ப்பாய்ச்சுகிறான் (1 கொரி. 3:6). நாங்கள் நேரடி அர்த்தத்திலேயே நீர்ப்பாய்ச்சப் போனவர்கள்.

வேதாகமக் கல்லூரியில் நான் படித்த மிஷன் சரித்திரத்தில் நேபாளம் ஒரு விசேஷமான பாடம். கங்கா பிரசாத் பிரதான் என்கிற தேவ மனுஷர் டார்ஜிலிங்கில் இருந்து உழைத்து 1914-ல் முழு வேதாகமத்தையும் நேபாளியில் கொண்டுவந்தார். குடும்பத்தோடு காட்மாண்டுவுக்குப் போனார், தேசத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பின்பு 1950-களில் கதவு கொஞ்சம் திறந்தது. 1954-ல் பல சபைகள் சேர்ந்து ஐக்கிய நேபாள மிஷனை உண்டாக்கி, தான்சேனிலும் காட்மாண்டுவிலும் வைத்தியப் பணியைத் தொடங்கின. அரசாங்கத்தின் நிபந்தனை, மதமாற்றம் செய்யக் கூடாது. ஒப்புக்கொண்டுதான் போனார்கள். அப்போது எத்தனை பக்தர்கள் அவர்களைக் குறைகூறியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். வெளிநாட்டார் காயம் கட்டினார்கள். நேபாளிகள் நேபாளிகளுக்குச் சுவிசேஷம் சொன்னார்கள், 1960-களில் ஞானஸ்நானத்திற்காகச் சிறைக்கும் போனார்கள். 1961 ஜனக்கணக்கில் அந்தத் தேசத்தில் கிறிஸ்தவர்கள் 458 பேர். 2021 கணக்கில் 5,12,313 பேர். எண்ணிக்கையை வைத்து எல்லாவற்றையும் நியாயப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனாலும் மூப்பர் எண்ணிக்கை கேட்டபடியால் சொல்லுகிறேன்.

எண்ணிக்கை என்றதும் எனக்கு கேயாசி ஞாபகம் வருகிறான் (2 இராஜா. 5). நாகமான் சுகமானான். எலிசா ஒன்றும் வாங்கவில்லை. ரிம்மோன் கோவிலில் எஜமானோடு குனிய வேண்டியிருக்குமே என்று நாகமான் தயங்கினபோதுகூட, எலிசா அவனைச் சமாதானத்தோடே அனுப்பினார். கேயாசிக்கோ பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய அற்புதத்துக்குக் கையில் ஒன்றும் இல்லாமலா? பின்னாலே ஓடி இரண்டு தாலந்தும் மாற்று வஸ்திரமும் வாங்கி வீட்டில் ஒளித்துவைத்தான். நாம் வெள்ளி வாங்குவதில்லை. போட்டோ வாங்குகிறோம். மூக்கொழுகும் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, தண்ணீர் பிடிக்கும் கிழவியை நிறுத்தி, "எங்கள் ஊழியத்தின் கனி" என்று போடுகிறோம். ஆகையால்தான் இந்த இதழில் படம் இல்லை. பலர் கேட்டீர்கள்.

இன்னொரு கேள்விக்கும் சுருக்கமாய்ப் பதில். பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் 60,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. பைப், தொட்டி, சிமென்ட்டுக்கு 1,10,000. அந்த 60,000-ஐயும் அனுப்பிவிட்டு நாம் வீட்டிலேயே ஜெபித்திருக்கலாமே? பாதி சரி. வாலிபர்கள் இல்லாத ஊரில் குழாய் சுமக்கத் தோள் வேண்டியிருந்தது. நர்ஸ் சகோதரி ஐந்து நாளில் பார்த்த இரத்த அழுத்தமும் புண்களும் பணத்தால் போய்ச் சேராது. ஆனால் மலை பார்க்க ஆசைப்பட்டு "ஊழியத்துக்கு வர்றேன்" என்று அடுத்த தடவைக்கு இப்போதே பேர் கொடுத்திருக்கிறவர்களைக் கர்த்தருக்குள் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் கையில் என்ன தொழில் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். ஜெபவரம் எல்லாருக்கும் உண்டு, அதற்கு டிக்கெட் தேவையில்லை. எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது பவுலும் கணக்கு விஷயத்தில் ஒருவரும் குறைசொல்லாதபடி ஜாக்கிரதையாயிருந்தார் (2 கொரி. 8:20,21). நம் கணக்கும் ரசீதுகளும் பொருளாளரிடத்தில் உண்டு, யாரும் பார்க்கலாம்.

அந்தத் தாயார் சபைக்கு வந்தார்களா என்று கேட்பீர்கள். வரவில்லை. கொடியும் வீட்டின்மேல் அப்படியே ஆடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் புறப்படுகிற அன்று கேழ்வரகு மாவில் களி கிண்டி ('டிண்டோ' என்கிறார்கள், நம்ம களியேதான்) ஒன்பது பேருக்கும் கொடுத்தார்கள். விலை கேட்கவில்லை.

ஜெபத்தில் தாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவ்வூரின் பெயரையும் போதகரின் பெயரையும் எங்களோடு வந்தவர்களிடம் கேட்டு அறிந்திருப்பீர்கள். கூட்டத்தில் சத்தமாய் ஜெபிக்கும்போதும், வாட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பு அனுப்பும்போதும் அந்தப் பெயர்களைச் சொல்லாதிருங்கள். கர்த்தருக்கு அவர்களைத் தெரியும். தொட்டிக்குப் பக்கத்திலுள்ள வால்வில் கசிவு இருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. நம் பிளம்பர் சகோதரன் வியாழக்கிழமை இரவு தொலைபேசியில் பேசுகிறார். அதற்காகவும் ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்